குழியா, மூத்திரமா? செந்நரிக்கும் கயோட்டிக்கும் பொறி வைக்கும் இரண்டு வழிகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நடுப்பகுதியில் மக்காச்சோளம் அறுத்து வயல்கள் மொட்டையாகும் அக்டோபர் கடைசியில் நரிக்கும் கயோட்டிக்கும் பொறி வைக்கும் பருவம் தொடங்குகிறது. பிப்ரவரி வரை போகும். கயோட்டி என்பது ஓநாயைவிடச் சிறிய, வட அமெரிக்கக் காட்டு நாய்வகை. பொறி என்று நான் சொல்வது, மிதித்தால் மூடிக் காலைப் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாடை. பக்கத்துப் பண்ணைக்காரர் செம்மறியாடு வளர்க்கிறார். அவருடன் ஆறு குளிர்காலம் பொறிகளைச் சுற்றி வந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த லூர் நல்லது? லூர் என்பது விலங்கை இழுக்கும் வாசனைக் களிம்பு. கடையில் அலமாரி முழுக்கக் குட்டி பாட்டில்களில் இருக்கும். பாட்டிலைப் பிறகு பார்க்கலாம் என்பதே என் பதில். எந்த விலங்கு, எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பசியைக் காட்டிக் கூப்பிடப் போகிறீர்களா, எல்லைச் சண்டையைக் காட்டிக் கூப்பிடப் போகிறீர்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

பசிக்கு வைப்பது குழி. நரி தின்று மிஞ்சியதைச் சின்னக் குழியில் புதைத்து வைக்கும். அடுத்த விலங்கு மோப்பம் பிடித்து அதைத் திருட வரும். நாம் அந்தக் குழியைப் போலவே ஒன்று தோண்டுகிறோம்: மூன்று அங்குல அகலம், 45 பாகை சாய்வு, ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழம். பின்னால் ஒரு புல்கொத்தோ மண்கட்டியோ இருந்தால் விலங்கு முன்பக்கமாகத்தான் வரும். உள்ளே ஒரு கரண்டி இறைச்சி இரை, அதன்மேல் ஒரு பிடி காய்ந்த புல், குழி உதட்டில் ஒரு பட்டாணி அளவு லூர், பின்புறப் புல்லில் கொஞ்சம் நரி மூத்திரம். பொறியைக் குழிக்கு முன்னால் மண்ணில் அழுத்திப் பதித்து, சலித்த மண்ணை மெல்லிசாகத் தூவுகிறோம். நரி என்றால் பொறியின் மிதிதட்டு குழியிலிருந்து ஆறேழு அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். கயோட்டிக்குக் கால் நீளம், எட்டி நின்று கழுத்தை நீட்டும். அதற்கு ஒன்பது பத்து அங்குலம் விட்டு, நடுக்கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் பக்கவாட்டில் வைக்கிறோம்.

எல்லைச் சண்டைக்கு வைப்பது தட்டை செட். பொறியும் வாசனையும் சேர்ந்த அமைப்பைத்தான் செட் என்கிறோம். தோண்டிய அடையாளமே இருக்காது. காய்ந்த சாணி வறட்டி, வெளுத்த எலும்பு, தனியாக நிற்கும் புல்கொத்து என ஏற்கெனவே அங்கே இருக்கக்கூடிய ஒரு பொருளைப் பிடித்து, அதன்மேல் மூத்திரமும் சுரப்பி லூரும் (விலங்கின் வாசனைச் சுரப்பிகளிலிருந்து செய்த லூர்) வைக்கிறோம். நம்மூர்த் தெருநாய் கரண்ட் கம்பத்தை முகர்ந்து, யார் வந்து போனது என்று பார்த்துவிட்டுத் தானும் காலைத் தூக்கும் அல்லவா, அதே கதைதான். கயோட்டி நாய்க்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி போடும் அளவுக்கு நெருக்கம். நரி அவ்வளவு நெருக்கம் இல்லை.

சரி, எது எதற்கு? செந்நரிக்கு நான் யோசிக்காமல் குழியைச் சொல்வேன். புது மண் தூரத்திலிருந்தே அதன் கண்ணில் படும், குழி என்றால் எட்டிப் பார்க்காமல் போகாது. அக்டோபர், நவம்பரில் அந்த வருடம் பிறந்த கயோட்டிகளும் பசியோடு அலைவதால் குழிக்கு வரும். முதிர்ந்த கயோட்டி அப்படியில்லை. ஒருமுறை பொறி காலை உரசித் தப்பியிருந்தால் குழியைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போய்விடும். ஜனவரி கடைசியிலிருந்து அவற்றுக்கு இணை சேரும் காலம். அப்போது அதன் எல்லைக்குள் அந்நிய மூத்திர வாடை கிடந்தால் விசாரிக்காமல் நகராது. அந்த மாதங்களில் குழியை நம்பி உட்கார்ந்திருப்பது வீண்.

குழியின் இன்னொரு தொல்லை, கூப்பிடாத விருந்தாளிகள். இறைச்சி வாடைக்கு ரக்கூன், ஒப்போசம், நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க் என்று அந்த ஊர்ச் சிறு விலங்குகள் எல்லாம் வரும். பொறிக்குள் நிற்கும் ஸ்கங்கை ஒருமுறை விடுவித்தவர் அந்தச் சட்டையைப் பிறகு போடமாட்டார். மூத்திரம் மட்டும் வைத்த தட்டை செட்டுக்கு இவை அவ்வளவாக வருவதில்லை. ஆனால் ஊர் நாய் வரும். வீடுகளுக்குப் பக்கத்தில் இரண்டுமே வேண்டாம். மிதிதட்டின் இறுக்கத்தைக் கயோட்டிக்கு நான்கு பவுண்டு வரை ஏற்றி வைத்தால் எடை குறைந்த விலங்குகள் பல மிதித்துவிட்டுப் போய்விடும்.

தட்டை செட்டின் பலவீனம் இடம். பார்வைக்கு எதுவும் இல்லாததால் விலங்கின் தடத்துக்கு ஓரிரு அடிக்குள், தடத்துக்குக் காற்று வரும் பக்கமாக வைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் தெரியாமலே கடந்து போய்விடும். குழி இந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளும். புதியவருக்குக் குழியைச் சொல்லிக்கொடுப்பது அதனால்தான்.

இப்போது பாட்டில்களுக்கு வரலாம். உணவு லூர் குழிக்கு, சுரப்பி லூர் தட்டைக்கு. ஆர்வ லூர் என்று ஒரு வகை இரண்டுக்கும் ஒத்துப்போகும். பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் சுரப்பியிலிருந்து வரும் காஸ்டோரியம், சோம்பு எண்ணெய், அப்புறம் நம்ம பெருங்காயம்கூட இதில் சேரும். முதல்முறை மூடியைத் திறந்தபோது எனக்கு வியப்பு. கந்தக வாடையும் அழுகல் வாடையும் இந்த விலங்குகளை இழுப்பது பழைய சங்கதி. 1970களில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கயோட்டி நடமாட்டத்தைக் கணக்கெடுத்தவர்கள், சலித்த மண் வட்டத்தின் நடுவே புளித்த முட்டையிலிருந்து செய்த வாசனையை வைத்து, மறுநாள் கால்தடம் எண்ணினார்கள். தூரத்திலிருந்தே இழுக்கும் தூரத்து லூர் என்பது ஸ்கங்க் நாற்றம் கலந்தது. அதைப் பொறியருகே கொட்டாதீர்கள். பத்தடி தள்ளி வேலிக்கம்பத்தில் உயரமாகப் பூசினால் போதும்.

மூத்திரத்தில் ஒரு சூட்சுமம். கயோட்டி நரியை விரட்டும், கொல்லவும் செய்யும். அதனால் கயோட்டி மூத்திரம் தெளித்த இடத்தில் நரி தயங்கும். நரி மூத்திரத்துக்கோ கயோட்டி துணிந்து வரும். ஒரே பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் செந்நரி மூத்திரம் வாங்குங்கள்.

எந்த லூராக இருந்தாலும் அது பொறியில் படக் கூடாது. முதல் வருடம் லூர் தொட்ட கையுறையோடே பொறியைப் பதித்துவிட்டேன். மறுநாள் காலை பொறி மண்ணிலிருந்து சுத்தமாகத் தோண்டப்பட்டுத் தலைகீழாகக் கிடந்தது. சுற்றிலும் நகக் கீறல்கள், மிதிதட்டின் ஓரத்தில் என் விரல் பதிந்த இடத்தில் இன்னும் அந்த வாடை. இப்போது லூருக்கு ஒரு ஜோடி, பொறிக்கு ஒரு ஜோடி.

பனிக்காலத்தில் மண் உறைந்தால் இரண்டு செட்டும் ஒன்றுதான், பொறி மூடாது. மண் உறையாமலிருக்க உப்பு போட்டால் இரும்பு துருப்பிடிக்கும். மெழுகு கலந்து சூடாக்கிய மண்ணை நான் விரும்புகிறேன், ஈரம் ஏறாது. பிடிபட்ட இடத்தை மாற்றவும் வேண்டாம். பெருங்காயம் இருந்த டப்பா மாதிரி அந்த விலங்கின் வாடை அங்கேயே தங்கும், அதைவிட நல்ல லூர் கடையில் கிடைக்காது.

பென்சில்வேனியாவில் 36 மணி நேரத்துக்குள் ஒருமுறை பொறியைப் பார்த்தாக வேண்டும், வானிலிருந்து தெரியும்படி இரை வைக்கக் கூடாது, பருந்து இறங்கிவிடும். நாங்கள் தினமும் விடியலிலேயே போய்விடுவோம். மாட்டிய உயிரைக் காக்க வைப்பது தப்பு. பொறியின் தாடை அகலமாகவும் விளிம்பு தடித்ததாகவும் இருக்கட்டும், சங்கிலி குட்டையாகவும் சுழலும் வளையத்தோடும் இருக்கட்டும், கால் காயம் குறையும். கொலராடோ 1996இலும் கலிபோர்னியா 1998இலும் மக்கள் வாக்கெடுப்பில் இத்தகைய பொறிகளைப் பெரிதும் தடுத்துவிட்டன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி நரியைப் பிடிப்பதே குற்றம்.

நாங்கள் இப்போது ஒரே இடத்தில் இரண்டையும் வைக்கிறோம்: வயல் மூலையில் ஒரு குழி, அதிலிருந்து பதினைந்தடியில் ஒரு தட்டை. போன ஜனவரியில் ராத்திரி லேசாகப் பனி விழுந்திருந்தது. பெரிய கயோட்டியின் தடம் வேலியோரமாக வந்து, குழிக்கு ஆறடி முன்னால் நின்று, அரைவட்டம் போட்டு விலகி, நேராகப் புல்கொத்துக்குப் போயிருந்தது. அங்கேதான் அது நின்றுகொண்டிருந்தது, முன்கால் பொறியில்.