வடிகூடை உள்ள ரைஸ் குக்கர்: நாலு மாதம் பயன்படுத்திய பிறகு

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். மகளுக்கு எட்டாவது மாதம் குழைசாதம் ஊட்ட ஆரம்பித்தபோது, அரிசியில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் உண்டு, ஐந்து வயதுவரை பாலுக்குப் பதிலாக அரிசிப்பால் கொடுக்காதீர்கள் என்றார் வீட்டுக்கு வந்த நர்ஸ். பகீரென்றது. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

தேடிப் படித்தேன். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போவதில்லை. இரும்போடு ஒட்டிக் கிடக்கும் ஆர்செனிக் கரைந்துவிடுகிறது. நெல் சிலிக்கானை உறிஞ்சும் அதே வழியில் அதுவும் ஏறிவிடுகிறது. கோதுமையில் இந்த அளவு சேராது.

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் ஒரு வழி சொன்னார்கள். கொதிக்கிற தண்ணீரில் அரிசியை 5 நிமிடம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிச் சமைக்க வேண்டும். வெள்ளை அரிசியில் 74 சதவீதமும் பழுப்பரிசியில் 54 சதவீதமும் ஆர்செனிக் போய்விடுகிறதாம். சாதாரண குக்கரில் தண்ணீர் முழுக்கச் சோற்றிலேயே சுண்டிவிடும். அதனால்தான் இதை 65 பவுண்டுக்கு வாங்கினேன்.

உள்ளே ஓட்டை போட்ட ஸ்டீல் கூடை. 5 நிமிடத்தில் அப்படியே தூக்கி, சிங்க்கில் வடித்துவிட்டு, புதுத் தண்ணீரோடு திரும்ப வைக்கிறேன். பொன்னியும் பாசுமதியும் பதமாக வருகின்றன. சீரகச் சம்பா மட்டும் ஓட்டையில் போய்ச் சிக்குகிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. கூடையின் கைப்பிடி நன்றாகச் சுடும். துணி இல்லாமல் தொடாதீர்கள்.

என் கோபம் கையேட்டின் மேல்தான். சோற்றில் சர்க்கரை குறையும் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள், ஆர்செனிக் என்ற சொல்லே இல்லை. வடித்த நீரை சூப்பில் சேர்க்கலாம் என்று வேறு எழுதியிருக்கிறார்கள்! சோற்றிலிருந்து வெளியேறும் ஆர்செனிக் அந்த நீரில்தானே இருக்கும்?

வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவள் நான். அத்தையும் முதல் வாரம் ஒரு டம்ளரில் பிடித்து, பேத்திக்கு ஆற்றிக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கு வேண்டாம் அத்தை" என்று உட்காரவைத்து விளக்கினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் கொட்டினார். இப்போது கூடையைத் தூக்கி வடிப்பதே அவர்தான்.

நாலு நட்சத்திரம். மூன்று பேருக்கு மேல் என்றால் பெரிய அளவு வாங்குங்கள். சின்னதில் தண்ணீர் பொங்கி வழிகிறது.