பழைய கொழும்பு வீட்டுக்கு வெளிச்சம்: சுவரை இடிப்பதா, கூரையில் கண்ணாடியா, முற்றமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள் முதலில் கை வைப்பது நடுச்சுவரில்தான். ஹோலும் சாப்பாட்டறையும் குசினியும் ஒன்றானால் வீடு பெரிதாகத் தெரியும், சரி. வெளிச்சம் கூடுமா? இருபக்கமும் தொடர்மாடி எழும்பிய ஒழுங்கையில் யன்னலுக்கு வெளியே தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும்தான். செலவும் சின்னதல்ல. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் செங்கல் சுவரே கூரையைச் சுமக்கிறது. எஞ்சினியர் பார்த்து பீம் போடாமல், மேசன் பாஸின் வாக்கை மட்டும் நம்பி இடிக்கக் கூடாது. குசினியைத் திறந்துவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. மீன் பொரித்த நாளில் சோபாவும் மணக்கும்.

ஆகவே வெளிச்சம் மேலிருந்துதான் வரவேண்டும்.

கூரைக் கண்ணாடி இடத்தைத் தின்னாது, வேலையும் சீக்கிரம் முடியும். ஓடுகளுக்கு நடுவே இரண்டொரு கண்ணாடி ஓடு பதிப்பது நமக்குப் பழக்கமானதுதான். அளவு பெரிதாகும்போதே தொல்லை. கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல், செப்டெம்பர் முற்பகுதிகளில் நண்பகல் வெயில் நேர் உச்சியில். டிசம்பரிலும் அது 60 பாகை உயரத்தில் நிற்கும். சோபாவுக்கு மேலே கண்ணாடி வைத்துவிட்டு நாள் முழுக்க ஏசி போடுவதில் என்ன லாபம்? மாடிப்படிக்கு மேலே வைத்து, சூடு வெளியேறப் பக்கத்தில் காற்றுத்துளையும் விட்டால் தாங்கலாம்.

முற்றம் வெளிச்சத்தோடு காற்றையும் தரும். நடுவில் முற்றம் வைத்துச் சுற்றிலும் கட்டிய நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பெரிய வளவு வேண்டும் என்பதும் இல்லை: கொழும்பு 3இல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நான்கு சின்ன வரிசை வீடுகளை ஒன்றாக்கித் தன் வீட்டை அமைத்தபோது, சிறுசிறு முற்றங்களால்தான் உள்ளே வெளிச்சம் கொண்டுவந்தார். 6 பேர்ச் காணி என்றால் 1,600 சதுர அடி சொச்சம். அதில் 6க்கு 8 அடி விட்டாலே போதும்.

ஆனால் முற்றத்துக்குப் பராமரிப்பு வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மழைக்குத் தரையைத் தாழ்த்தி, அகலமான கானும் வைக்க வேண்டும். இலை அடைத்துத் தண்ணீர் நின்றால் நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வாசலுக்கு வருவார். கள்ளனுக்குப் பயந்து மேலே இரும்புக் கம்பி போட்டால், கடற்கரைப் பக்கத்தில் சீக்கிரமே கறள் பிடிக்கும், அலுமினியம் நல்லது.

இடம் மிக நெருக்கடி என்றால் கூரைக் கண்ணாடி. மற்றபடி என் வாக்கு முற்றத்துக்கே. பின்னாளில் மேலே ஒரு மாடி எடுத்து வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் யோசிக்கவே வேண்டாம். கண்ணாடிக்கு மேலே கொங்கிரீட் வந்துவிடும், முற்றத்தை அப்படியே மேல்மாடிக்கும் கொண்டு போகலாம்.