சிறுநீர் கீட்டோன் பட்டை: வாங்கலாமா, வாங்கினால் எதற்கு உதவும்?

"பட்டை ஊதாவாக மாறிவிட்டது, அப்படியென்றால் கீட்டோ என் உடம்புக்கு ஒத்துப்போகிறது." கீட்டோ என்பது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் உணவு முறை. அப்போது உடல் கொழுப்பை எரித்து உண்டாக்கும் பொருள்கள்தான் கீட்டோன்கள். பலர் இந்த டப்பாவை வாங்குவதே இப்படி ஒரு முடிவுக்கு வரத்தான். அந்த முடிவைச் சொல்ல இந்தப் பட்டையால் முடியாது. மற்றபடி சின்ன வேலையைச் சரியாகச் செய்கிற, விலை குறைந்த பொருள். எந்த வேலைக்கு என்று தெரிந்து வாங்கினால் காசு வீணாகாது.

பட்டையின் நுனியில் உள்ள சதுரத்தில் நைட்ரோபுருசைடு என்ற ரசாயனம் இருக்கிறது. சிறுநீரில் அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோன் இருந்தால் வெளிர் நிறம் இளஞ்சிவப்பாகி, அளவு கூடக்கூட அடர் ஊதாவரை போகும். டப்பாவில் ஒட்டியிருக்கும் நிற அட்டையில் பெரும்பாலும் 5, 15, 40, 80, 160 மி.கி. (ஒரு டெசிலிட்டருக்கு) என்று கட்டங்கள் இருக்கும். நம் உடல் உண்டாக்கும் கீட்டோன்கள் மூன்று. அவற்றில் ரத்தத்தில் அதிகம் ஓடுவது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். அதை இந்தப் பட்டை பார்ப்பதே இல்லை. குறை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பார்க்கும் முறை எளிது, ஆனால் அவசரப்பட்டால் தப்பாகும். சோப்பு ஒட்டாத உலர்ந்த கப்பில் சிறுநீர் பிடித்து, பட்டையை நனைத்த உடனே எடுத்து, ஓரத்தில் தட்டி, மிச்ச ஈரத்தை வடித்துவிட வேண்டும். பெரும்பாலான கீட்டோன் பட்டைகளுக்கு 15 விநாடி. சில பிராண்டுகளுக்கு 40. அட்டையில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் இன்னும் கருத்திருக்கும், அதை எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் 15-க்கும் 40-க்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளை வெளிச்சம் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ராத்திரி சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும்.

மதுரையில் இதன் பெரிய எதிரி வெயில். 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லும் பொருள் இது. சித்திரை, வைகாசியில் பூட்டிய வீட்டு அலமாரியே அதைத் தாண்டிவிடும். ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒரு மதியம் கிடந்த டப்பாவை நம்ப வேண்டாம். ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது, வெளியே எடுத்ததும் ஈரம் பிடிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல், எடுத்த கையோடு மூடியை இறுக்கி, திறந்த தேதியை டப்பா மேல் எழுதிவிடுங்கள். ஈரம் பட்ட பட்டை, கீட்டோன் இருந்தாலும் இல்லை என்றே காட்டும்.

நல்ல பட்டையும் ஏமாற்றும். வயலிலோ வண்டியிலோ வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காதவருக்குச் சிறுநீர் அடர்ந்து, பட்டை கருத்து நிற்கும். அதே ஆள் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் வெளுத்துவிடும். கேப்டோபிரில் என்ற பி.பி. மாத்திரையும், நடுக்க நோய்க்குத் தரும் லெவோடோபாவும் இல்லாத கீட்டோனை இருப்பதாகக் காட்டலாம். சில வாரம் கீட்டோவில் நிலைத்தவருக்கோ நேர்மாறு. உடல் கீட்டோனைச் சிறுநீரில் விடாமல் எரிக்கப் பழகிக்கொள்வதால் பட்டை வெளுக்கும். "நின்றுபோச்சே" என்று பயந்து சாப்பாட்டில் இன்னும் கை வைப்பது இங்கேதான் நடக்கிறது.

முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மட்டனும் முட்டையும் சாப்பிட்டு மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தியவருக்குப் பட்டை ஊதா. கந்த சஷ்டிக்குப் பட்டினி விரதம் இருப்பவருக்கும் ஊதா. இன்சுலின் போடாமல் விட்ட டைப் 1 சுகர்க்காரருக்கும் ஊதா. அவர் அப்போது ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டிய நிலையில் இருக்கலாம். மூன்று பேருக்கும் ஒரே நிறம் காட்டும் பொருளை வைத்து "எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று எப்படிச் சொல்வது?

முதல் வார எடைக் குறைவும் சாட்சி ஆகாது. உடலில் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு கரையும்போது, கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து போகிறது. முதலில் இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான்.

ரத்தத்தில் பார்க்கும் கீட்டோன் மீட்டர் இதைவிடத் தேவலை. பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை நேரடியாக எண்ணில் காட்டும், 0.5 முதல் 3 மில்லிமோல் வரை உணவால் வரும் கீட்டோசிஸ், அதாவது ரத்தத்தில் கீட்டோன் கூடிய நிலை, என்று கொள்வது வழக்கம். ஆனால் அதன் பட்டை பல மடங்கு விலை. சாதாரண சுகர் பட்டையை அதில் செருகிக் கீட்டோன் பார்க்கவும் முடியாது. டைப் 1 சுகர் உள்ளவர் வீட்டில் இது இருக்க வேண்டும். எடை குறைக்க நினைப்பவருக்கு இது ஆடம்பரம்.

பொருத்தம் பார்க்க வேண்டிய முதல் இடம் உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கம். "சுகர் மாத்திரை" என்று மட்டும் தெரிந்தால் போதாது, பெயரைப் படியுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் என்று "க்ளிஃப்ளோசின்" என முடிந்தால், மருத்துவரைக் கேட்காமல் கீட்டோ கூடவே கூடாது. இந்த வகை மாத்திரையோடு மாவுச்சத்தையும் வெட்டினால், சுகர் 200-க்குள் இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரில் சுகர் சாதாரணமாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பட்டை லேசான நிறம் காட்டினாலும் போங்கள். இந்த நிலையில் கூடுவது பட்டை பார்க்காத கீட்டோன்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு விதம். சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையை அப்படியே போட்டால் சுகர் தாழ்ந்து மயக்கம் வரும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள், வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் உணவு மாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பி.பி. மாத்திரையின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கீட்டோவில் உப்பும் நீரும் வெளியேறுவதால் பி.பி. இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கணைய அழற்சி வந்தவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள், போர்ஃபீரியா என்ற அரிய நோய் அல்லது பிறவியிலேயே கொழுப்பை எரிக்க முடியாத குறை உள்ளவர்கள் தாங்களாக ஆரம்பிக்கும் உணவு இது இல்லை.

அடுத்தது, கீட்டோ தொடங்கும் முன் லேப். "முழு உடல் பரிசோதனை" என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜ்களில் கீட்டோவுக்கு வேண்டாதவை நிறைய, வேண்டியவை சில விடுபட்டிருக்கும். கேட்டு வாங்க வேண்டியவை: வெறும் வயிற்றுச் சுகர், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), கொழுப்புப் பட்டியல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), யூரிக் அமிலம், கல்லீரல் பரிசோதனை, சோடியம், பொட்டாசியம், தைராய்டு. சாப்பிட்ட பின் வலது விலாவுக்கடியில் வலி வந்த வழக்கம் இருந்தால் பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேனும் எடுக்கலாம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 400-க்கு மேல் என்றால் கணக்குப் போட்டு வரும் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) நம்பகமில்லை, நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே லேபில், அதே 10-12 மணி நேர வெறும் வயிற்றோடு மறுபடி பார்ப்பதுதான் தீர்ப்பு. ஒத்துப்போகிறவருக்கு டிரைகிளிசரைடு இறங்கும், எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) சற்று ஏறும், இடுப்புச் சுற்றளவு குறையும். ஒத்துக்கொள்ளாத ஒரு பகுதியினருக்கு எல்.டி.எல். தடாலென ஏறுகிறது, அதுவும் ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருப்பவர்களுக்கு. எடை நன்றாகக் குறைந்து, உடம்பு லேசாக இருக்கும்போதே இது நடக்கும் என்பதால் சோதிக்காமல் தெரியாது. எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் "நல்ல கொழுப்புதான் ஏறியிருக்கு" என்ற சமாதானத்தை விட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும்: கீட்டோவில் இருந்தபடியே குளூக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்குப் போகக் கூடாது. அதற்கு முந்தின மூன்று நாளும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத சுகர் நோய் இருப்பதுபோல் வரும்.

1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இந்த உணவுக்குப் பெயர் வைத்தது வலிப்பு நோய்க்காக. இன்றும் வலிப்புக்காக இதைக் கொடுக்கும் மருத்துவர்கள் நிறத்தோடு நிறுத்துவதில்லை, ரத்தமும் பார்க்கிறார்கள்.

இந்தப் பட்டை நிஜமாகவே உதவும் இடம் ஒன்று உண்டு: ஒளிந்திருக்கும் மாவுச்சத்தைப் பிடிப்பது. மதுரை மெஸ்களில் சுக்கா, குடல், ஈரல், முட்டை எல்லாம் கீட்டோவுக்கு வசதி என்று தோன்றும். ஆனால் குழம்பைக் கெட்டியாக்க அரைத்துவிடும் பொரிகடலை 100 கிராமில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. சின்ன வெங்காயத்திலும் மாவுச்சத்து உண்டு. சில்லி சிக்கனில் சோள மாவு. கறி தோசைக்கு அடியில் இருப்பது தோசை மாவு என்பதைக் கறி மறைத்துவிடுகிறது. சுக்கா தட்டில் கூடவே ஊற்றிய சால்னாவைத் தொட்ட நாளும் தொடாத நாளும் பட்டையில் வேறுபடுகிறதா என்று முதல் இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), குடல் பிரியர்கள் யூரிக் அமில எண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டை நிரப்புவது நல்லது. கீட்டோவின் தொடக்க வாரங்களில் அது தானாகவே ஏறும். தலைவலி, கெண்டைக்கால் இழுப்பு வந்தால் பெரும்பாலும் உப்புக் குறைவு, ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் சூப்பில் சரியாகும். இதய, சிறுநீரக, பி.பி. நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிக்கவும்.

ஆக, 100 பட்டை டப்பா வேண்டாம், 50 போதும். மூன்று வாரத்துக்கு மேல் இதற்கு வேலையில்லை. மிச்சக் காசு இரண்டாவது லேப் செலவுக்கு ஆகும். காலாவதித் தேதியைக் கடையிலேயே பாருங்கள். திறந்த டப்பாவிலிருந்து பத்துப் பட்டையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால், பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.