மொட்டை மாடியில் கிரில் மேடை: செங்கல்லா, இரும்புச் சட்டமா, ரெடிமேடா?

மீனும் கோழியும் சுட்டுச் சாப்பிட வீட்டில் கிரில் மேடை கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் அடுப்பைத் தேடிப் போகிறார்கள். சென்னையில் அதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இரண்டு: மேடை எதன்மேல் நிற்கப்போகிறது, கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

செங்கல் மேடை நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. வீட்டைச் சுற்றி மண்தரை இருந்தால் நான் வேறெதையும் யோசிக்கமாட்டேன். மாடி என்றால் கணக்கே வேறு. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரத்தில் நாலரை அங்குலச் சுவர் எழுப்பினால் செங்கல் மட்டுமே ஏறக்குறைய ஒரு டன் வரும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தர விதி வகுத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இந்த மேடையின் ஒரு டன்னோ ஒன்றரைச் சதுர மீட்டருக்குள் உட்கார்ந்துவிடுகிறது! காற்றுத் துளைகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்லான ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டினால் எடை பாதிக்கும் கீழே இறங்கும். அப்போதும் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. மழைநீர் வடிய விட்ட சரிவைச் சுவர் மறிக்கும் என்பது இன்னொரு தொல்லை.

அதனால் மாடிக்கு என் தேர்வு இரும்புச் சட்டமும் சிமென்ட் போர்டும். கிரானைட் பலகையோடு சேர்த்தாலும் 200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். போர்டு தீப்பிடிக்காது. ஆனால் வெல்டிங் நடக்கும்போது கூடவே நில்லுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள குழாயாக இருந்தாலும், பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். திருவான்மியூர், நீலாங்கரை உப்புக்காற்றில் துரு தொடங்குவது அந்த இணைப்புகளில்தான். ஒவ்வொன்றையும் தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாக பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் வெள்ளி நிற பெயின்ட் மறைக்குமே தவிரக் காக்காது. சட்டத்தைப் போல்ட் அடித்துத் தளத்தில் இறுக்கவும் விடாதீர்கள். தளத்தில் பதித்த தட்டு ஓடு துளைபட்டால் ஐப்பசி மழையில் கீழ் அறைக் கூரை ஒழுகும். தடித்த ரப்பர் பாதங்கள் போதும்; அடியில் தண்ணீரும் தடையின்றி ஓடும்.

ரெடிமேட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேடை வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது, காலி செய்யும்போது எடுத்துப்போகலாம். ஏமாற்று நடப்பது உலோகத்தின் ரகத்தில்; 304, 202 என்று ரகங்களுக்கு எண் உண்டு, கேட்டு வாங்க வேண்டியது 304. கடைக்காரர் காந்தத்தை வைத்து, ‘பாருங்கள், ஒட்டவில்லை, 304 தான்’ என்பார். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது! நிக்கல் குறைந்த அந்த ரகம் கடலோரத்தில் விரைவில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் மாலிப்டினம் கலந்த 316 இன்னும் நல்லது, விலை கூடுதல்.

கரியா, கேஸா? வஞ்சிரத்துக்கும் கோழிக்கும் கருவேலங்கரியின் புகைமணம் தனிதான். மேடைக்குள் கரி எரியும் பகுதிக்குத் கடும் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல் உள்ளடுக்கு கட்டாயம். அடுக்குமாடிக் குடியிருப்பில் புகை அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போகும் என்பதால் கேஸ்தான் முறை. பொது மாடி என்றால் சங்கத்தின் சம்மதமும் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே சிலிண்டர் அறைக்குக் காற்றுத் துளைகளைக் கீழ்மட்டத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் விடச் சொல்லுங்கள்.