கிள்ளியூர் மணல் செய்தி: எதை நம்பிப் படிக்கலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்க மத்திய அரசின் ஐஆர்இஎல் (இந்தியன் ரேர் எர்த்ஸ்) நிறுவனம் முனைந்ததிலிருந்து, நம் மாவட்டத்தில் ஒரே செய்தி பல நிறத்தில் வருகிறது. மோனசைட் என்ற கதிர்வீச்சுள்ள தாது கலந்த மணலை அகற்றினால் கதிர்வீச்சு குறையும் என்கிறது நிறுவனம். நோய் பெருகும், கரை அரிக்கும் என்று மீனவ ஊர்கள் அஞ்சுகின்றன. இரண்டு பக்கத்தையும் அறிய யாரிடம் போவது?

கட்சி ஏடுகளை ஒதுக்கத் தேவையில்லை. முரசொலி திமுகவுடையது, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியுடையது. எங்கே நின்று எழுதுகிறார்கள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. எதை எழுதாமல் விடுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும். டெல்லியைத் திட்டுவது திமுகவுக்கு எளிது. ஆனால் சுரங்கக் குத்தகை தருவது மாநில அரசு. 2025-இல் மத்திய அரசு விலக்கு தரும் வரை, மக்களிடம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியிருந்ததும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான். அந்தப் பாதியும் வருகிறதா என்று பாருங்கள்.

சேனல்கள் விஷயம் வேறு. ஜெயா, கலைஞர் தொலைக்காட்சிகளின் நிறம் எல்லோருக்கும் தெரியும். நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் சேனல்களிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். நியூஸ்7 தமிழை 2014-இல் தொடங்கியது தாது மணல் தொழிலில் இருந்த வி.வி. குழுமம். அதனாலேயே அங்கே வரும் மணல் செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகாசவாணியைக் கடல் எச்சரிக்கைக்குக் கேட்கலாம். மத்திய அரசு நிறுவனத்தைப் பற்றிய விவகாரத்துக்கு அது மட்டும் போதாது.

நாளிதழ்களுக்கு வருவோம். தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியபோது, அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்பதற்காகவே எழுதியது. 1956 நவம்பர் 1-இல் இணைப்பு நடந்தது. சார்பு இருந்தாலே செய்தி கெட்டுவிடும் என்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கட்டும். நாகர்கோவில் பதிப்புகளின் பலம் ஊருக்குள் போய் வரும் நிருபர்கள். ஆனால் அவர்கள் எழுதுவதில் பாதிக்கு மேல் மாவட்டப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. சென்னை வாசகர் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம்.

அப்புறம் வாட்ஸ்அப். இதை மொத்தமாகக் குப்பை என்று தள்ளுவது நம் கடற்கரைக்குச் செய்யும் அநியாயம். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை தேவாலயப் பங்குகள் காணாமல் போனவர்களைப் பெயர் பெயராகப் பட்டியல் எடுத்தன. அரசு முதலில் சொன்ன எண்ணிக்கை அதைவிட மிகவும் குறைவாக இருந்தது. பெயர், ஊர், போன படகு எல்லாம் இருந்தால் யாரும் போய் விசாரிக்கலாம். அந்தப் பட்டியலும் யார் பேசுகிறார் என்றே தெரியாத கதிர்வீச்சு ஆடியோவும் அதே குழுக்களில்தான் வருகின்றன என்றாலும், இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். மணல் விவகாரத்துக்கு முதலில் நாகர்கோவில் பதிப்பின் மாவட்டப் பக்கம், கூடவே தீக்கதிர். பங்கு அறிவிப்பில் பெயரும் தேதியும் இருந்தால் அதுவும். நிறுவனத்தின் வாதத்துக்கு, அனுமதிக்காக அவர்கள் தரும் சுற்றுச்சூழல் அறிக்கையையே நேராகப் படிக்கலாம். சேனல் விவாதங்களை இதற்காக நான் பார்ப்பதில்லை.