யூரியா −80, டி.என்.டி. −74: கடதாசியா, சூடா, சுத்தியலா?

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் ஒரு பை யூரியா வருவதே பெரும்பாடு. அந்தக் கதை கேட்டு வளர்ந்த ஏ.எல். பிள்ளைகள் இன்றும் கேட்பார்கள்: "சேர், யூரியா வெடிக்கும்தானே?" அதை வெடிமருந்தாக மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அன்று அரசு மறித்தது. பைக்குள் கிடக்கிற வெள்ளைக் குறுணி தானாக வெடிக்குமா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பொருள் வெடிக்குமா என்று அறிய மலிவான வழி கடதாசியில் கணக்குப் போடுவது. ஒட்சிசன் சமநிலை என்றொரு கணக்கு உண்டு. சேர்மம் முழுதாக எரிய அதற்குள்ளேயே இருக்கிற ஒட்சிசன் போதுமா என்று பார்ப்பது. யூரியாவில் காபன் 1, ஐதரசன் 4, ஒட்சிசன் 1, மூலக்கூற்றுத் திணிவு 60. காபனுக்கு 2, ஐதரசனுக்கு 2 ஒட்சிசன் வேண்டும், உள்ளே இருப்பது 1. (2 + 2 − 1) ஐ −1600 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் −80. கழித்தல் குறி என்றால் ஒட்சிசன் பற்றாக்குறை. பேர்போன வெடிமருந்தான டி.என்.டி.க்கு −74. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் வகுப்பு கப்சிப். ஆபத்தான பொருட்களைச் சோதிப்பதற்கான ஐ.நா. கையேட்டில் எல்லை −200. அதைவிடக் கீழே இறங்கினால்தான் இந்தக் கணக்கை வைத்து ஒரு கரிமச் சேர்மத்தை வெடிக்காது என்று விட்டுவிடலாம்.

அப்போ யூரியா டி.என்.டி.யின் தம்பியா? இல்லை. கையேடு முதலில் கேட்பது கட்டமைப்பை: நைதரசனோடு நைதரசனோ ஒட்சிசனோ, ஒட்சிசனோடு ஒட்சிசனோ ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. டி.என்.டி.யில் நைதரசனோடு ஒட்சிசன் ஒட்டிய மூன்று நைத்திரோக் கூட்டங்கள். யூரியாவின் இரண்டு நைதரசனும் காபனில் பிடித்திருக்கின்றன, பட்டியலில் உள்ள எதுவும் அதில் இல்லை. கதை முடிந்தது, −80 ஐக் கணக்கிட்டதே வீண்வேலை.

பட்டியலில் உள்ள சந்தேகக் கூட்டம் ஏதும் இருந்தால், அடுத்த வழி டி.எஸ்.சி. என்கிற வெப்பமளக்கும் கருவி. சில மில்லிகிராம் போதும், மெல்லச் சூடாக்கி வெளிவரும் வெப்பத்தை அளக்கலாம். பிரிகை 500 பாகைக்குக் கீழே தொடங்கி, கிராமுக்கு 500 யூலுக்குக் குறைவாக வந்தால் விடலாம். மூடிய கிண்ணம்தான் வேண்டும். திறந்ததில் பொருள் ஆவியாகும்போது உறிஞ்சுகிற வெப்பம், வெளிவருகிற வெப்பத்தை மறைத்துவிடும். எந்தக் கிண்ணம் என்று எழுதாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

ஆனால் அடித்தால் வெடிக்குமா என்று டி.எஸ்.சி. சொல்லாது. அதற்கு எடை விழுத்தும் சுத்தியல் இருக்கிறது. சிறு துளையிட்ட தட்டால் மூடிய உருக்குக் குழாயைச் சூடாக்கி, அது சிதறுகிறதா என்று பார்க்கிற சோதனையும் உண்டு. இரண்டும் பாதுகாப்பான கூடத்தில் பழகின ஆட்கள் செய்கிற வேலை. முதல் இரண்டு வழியிலும் விடுபடாததைத்தான் அங்கே அனுப்ப வேண்டும்.

நாலாவது வழி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது: "இவ்வளவு காலம் ஒண்டும் நடக்கேல்லையே." ஜேர்மனியின் ஒப்பாவில், இறுகிப்போன அமோனியம் நைத்திரேற்று கலந்த பசளையைச் சிறு வெடி வைத்தே உடைத்துவந்தார்கள். ஆயிரக்கணக்கான தடவை சரியாகத்தான் போனது. 1921 செப்டம்பர் 21 இல் குவியலே வெடித்து 500 பேருக்கு மேல் செத்தார்கள். போர் நடந்த முகமாலைப் பக்கம் மண்வெட்டியில் தட்டுப்படுகிற துருப்பிடித்த இரும்புக்கும் இதே நியாயம்தான் சொல்கிறார்கள். அதற்கு மேலே சொன்ன ஒரு சோதனையும் வேண்டாம். தொடாமல் விலகிவந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.