ஆடி மந்தத்தில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி: ஒரு கைத்தறி விற்பனையாளரின் மதிப்பீடு

ஆன்லைனில் கைத்தறிப் பருத்திப் புடவை விற்பவர்களுக்கு வியாபாரம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் வெயிலுக்காகவும் முகூர்த்தங்களுக்காகவும் வாங்கிய குடும்பங்கள், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கையிலுள்ள பணத்தைக் கட்டணத்துக்கும் சீருடைக்கும் ஒதுக்கிவிடுகின்றன. அந்த மூச்சு திரும்புவதற்குள் ஆடி பிறந்துவிடுகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கல்யாணங்கள் கிடையாது. மிஞ்சிய வாடிக்கையாளர்களையும் பெரிய கடைகளின் ஆடித் தள்ளுபடி இழுத்துக்கொள்ளும். மார்கழியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆனால் தறி நிற்பதில்லை. தீபாவளிக்கான பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) ஆடியில்தான் ஏறுகிறது, நெசவாளருக்குக் கூலி வாரந்தோறும் போயாக வேண்டும். வரவு சுருங்கியும் செலவு சுருங்காத இந்த மாதங்களைக் கடக்க எனக்குப் பெரிதும் கைகொடுத்த கருவி, சிறு வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப்பாகிய வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. அதை அந்த ஒரு நோக்கில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

இந்தச் செயலி 2018 ஜனவரியில் வெளிவந்தது. பதிவிறக்கக் கட்டணம் இல்லை. பெரிய நிறுவனங்கள் மென்பொருளோடு இணைத்துப் பயன்படுத்தும் கட்டணத் தளம் வேறு. நான் பேசுவது, ஒருவரோ இருவரோ வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும்போது கைபேசியில் நிறுவிக்கொள்ளும் இலவசச் செயலியைப் பற்றி. புது வாடிக்கையாளர்களைத் தேடித் தருவது இதன் பலம் அல்ல, அதற்கு விற்பனைத் தளங்களும் விளம்பரங்களும் இருக்கின்றன. ஒருமுறை வாங்கியவரை மறக்காமல் வைத்திருப்பதில்தான் இதன் பலம் இருக்கிறது. மந்த மாதத்தில் புதியவர் வருவது அரிது என்பதால், அந்தப் பலம் அப்போதுதான் முழுமையாகத் தெரிகிறது.

என் கணக்கில் இதன் மிகச் சிறந்த வசதி லேபிள். ஒவ்வொரு உரையாடலுக்கும் நிறமும் பெயரும் உள்ள ஓர் அடையாளத்தை ஒட்டிவைக்கலாம். ‘புது ஆர்டர்’, ‘பணம் வர வேண்டும்’ போன்றவை செயலியிலேயே தயாராக வரும். நாமாகவும் பெயர் சூட்டிக்கொள்ளலாம். “அக்கா, ஆடி முடியட்டும், ஆவணியில சொல்றேன்” என்று எழுதுபவர்கள் எல்லோருக்கும் ‘ஆவணியில் கேட்க வேண்டும்’ என்ற லேபிளை ஒட்டுகிறேன். பச்சை நிறமே வேண்டும் என்று கேட்டுக் கிடைக்காமல் போனவருக்கு ஒன்று, சுங்குடி மட்டும் வாங்குபவருக்கு ஒன்று, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஓணத்துக்கு வாங்குபவருக்கு ஒன்று. இந்த வேலையைப் பரபரப்பான ஐப்பசியில் செய்ய முடியாது. ஆடியில் உட்கார்ந்து பழைய உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிரித்து வைத்தால், தீபாவளிக்கு யாரிடம் எதைச் சொல்வது என்ற தெளிவு கைக்கு வந்துவிடும்.

அப்படிப் பிரித்த பிறகு அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: “வணக்கம்மா. போன தீபாவளிக்கு நீங்க எடுத்த மயில்கழுத்து நிறத்திலேயே, அரக்கு பார்டரோடு ஒரு நெகமம் காட்டன் இப்போ தறியில் இருக்கு. ஆவணி முதல் வாரம் இறங்கும். படம் அனுப்பவா?” தள்ளுபடி என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் பதில் வருகிறது, ஏனென்றால் இது அவருக்காகவே எழுதப்பட்டது. வேண்டும் என்பவரிடம் விலையில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொள்கிறேன். ஆடி மாதத்துக் கூலியில் கணிசமான பங்கு அந்த முன்பணத்திலிருந்தே போகிறது. விலையைக் குறைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆயிரம் ரூபாய்ப் புடவையில் அடக்க விலை 800 ரூபாய் என்றால் நமக்கு நிற்பது 200. பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்த உடனே அது 100 ஆகிவிடும். அதே லாபத்துக்கு இரண்டு மடங்கு புடவை விற்க வேண்டும். வாங்குபவர்களே குறைந்திருக்கும் மாதத்தில் அது நடக்கிற காரியமா? மொத்தமாகக் கொள்முதல் செய்யும் ஜவுளிக் கடைக்கு அந்தத் தள்ளுபடி தாங்கும், ஐந்தாறு தறிகளை நம்பியிருக்கும் நமக்குத் தாங்காது.

அடுத்து கேட்டலாக், அதாவது பொருட்களைப் படத்தோடு காட்டும் பட்டியல். 2019 நவம்பரில் சேர்க்கப்பட்ட இந்த வசதியில் 500 பொருட்கள் வரை வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பத்துப் படங்கள் வரை சேர்க்கலாம். பொருட்களைத் தொகுப்புகளாகப் பிரிக்கவும் முடியும். ஆடி மந்தம்தான் என்றாலும் முற்றிலும் வறண்ட மாதம் அல்ல. ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில் போகிறவர்கள் மஞ்சளும் சிவப்பும் தேடுகிறார்கள். பதினெட்டாம் பெருக்கு வருகிறது. வரலட்சுமி விரதம் ஆடியிலோ ஆவணியிலோ வருகிறது. 2015 முதல் கடைப்பிடிக்கப்படும் தேசியக் கைத்தறி நாளான ஆகஸ்ட் 7-ம் ஆடிக்குள்தான் விழுகிறது. கைத்தறி விற்பவர்களில் பலர் இந்த நாளைக் கவனிக்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் அன்று கைத்தறியைப் பற்றிச் செய்தித்தாள்களும் சமூக ஊடகங்களும் தாமாகவே பேசுகின்றன. ‘ஆடி வெள்ளி’ என ஒரு தொகுப்பும், ‘கைத்தறி நாள்’ என ஒரு தொகுப்பும் வைத்து, நெய்தவரின் கை தெரியும் படத்தை ஸ்டேட்டஸில் போட்டால் விசாரிப்புகள் வருகின்றன.

படங்களை மாற்றி எடுக்கவும் இதுவே தக்க காலம். பருத்திப் புடவை திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் நிற வேறுபாடு. டியூப்லைட்டில் எடுத்த அரக்கு, வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது மெரூனாகத் தெரியும். காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், முந்தானை, பார்டர், உடல், பிளவுஸ் துணி ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து அந்தப் பத்துப் படங்களையும் பயன்படுத்தினால், சீசன் நேரத்தில் “வேற போட்டோ இருக்கா?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் எழுந்து போக வேண்டியதில்லை. துவைக்கும் முறை, அனுப்பும் நாள், புடவையின் நீளம் போன்ற வழக்கமான பதில்களை ‘விரைவுப் பதில்’ பகுதியில் எழுதிவைத்து, சாய்வுக்கோட்டோடு ஒரு சிறு சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கேட்டலாக்கில் கையிருப்பு எண்ணிக்கை வைக்க இடமில்லை. ஒரே ஒரு புடவை மட்டும் உள்ள நிறம் விற்றுப்போனால் அதை நாமே மறைக்க வேண்டும். கைத்தறியில் பெரும்பாலானவை ஒற்றைப் புடவைகளே என்பதால் இது சிறிய குறை அல்ல. ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதுவும் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பார்சலுக்குள் எண்ணைச் சேமிக்கக் கேட்கும் சீட்டு ஒன்றை வைப்பது இதற்காகவே. இந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாக மட்டும் பார்க்கவில்லை. கேட்காதவருக்கெல்லாம் செய்தி அனுப்பினால் அவர்கள் பிளாக் செய்வார்கள், புகார் அளிப்பார்கள். புகார்கள் கூடினால் கணக்கே முடக்கப்படலாம். மந்த மாதத்துப் பதற்றத்தில் எங்கிருந்தோ வாங்கிய எண்களுக்கு விளம்பரம் அனுப்ப நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மறந்துவிடக் கூடாத இன்னொன்று, கணக்கு வழக்குக்கு இந்தச் செயலி போதாது. ஜிஎஸ்டி விவரம், கூலிக் கணக்கு, எந்த மாதம் எவ்வளவு விற்றது என்ற ஒப்பீடு எதுவும் இதில் கிடைக்காது. சென்ற ஆண்டின் ஆடிக்கும் ஐப்பசிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால்தான் தையிலும் வைகாசியிலும் வரும் லாபத்தில் எவ்வளவு எடுத்துவைப்பது என்று தீர்மானிக்க முடியும். அதற்கு ஒரு தனி ஏடோ எக்செல் தாளோ அவசியம்.

தினமும் நூற்றுக்கணக்கான ஆர்டர் பார்ப்பவர்களுக்கும், வாங்கியவர் மீண்டும் வாங்க வாய்ப்பில்லாத பொருளை விற்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புடவை, ஊறுகாய், பலகாரம், வீட்டுத் தயாரிப்பு சோப்பு என, வாங்கியவரே திரும்பி வரும் பொருளை விற்பவர்கள் ஆனி மாதத்திலேயே நிறுவிப் பழகிக்கொள்வது நல்லது. பேக்கப்பை மட்டும் முதல் நாளே இயக்கிவிடுங்கள். முன்பணம் கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் ஏட்டிலும் எழுதிவையுங்கள். கைபேசி தொலைந்தாலும் கொடுத்த வாக்கு நிற்க வேண்டும்.